கத்தரிச் செடியின் சிற்றிலை நோயும் தட்டில் வளராத கிருமியும்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கத்தரியில் சில செடிகள் மட்டும் குட்டி குட்டி இலையாகப் புதர் போல ஆகிவிட்டன. காயே இல்லை. 'இது பைட்டோபிளாஸ்மா என்கிற பாக்டீரியா, தத்துப்பூச்சி பரப்புகிறது, ஆனால் அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது' என்று வேளாண் அலுவலர் சொன்னார். வளர்க்கவே முடியாத ஒன்றுதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? பூச்சிதான் பரப்புகிறது என்பதும் எப்படித் தெரியும்?

பதில்:

நியாயமான சந்தேகம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன். அப்புறம் சில வருடங்கள் கத்தரிச் செடியும் தத்துப்பூச்சியுமாகவே கழிந்தன. அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். 'வளர்க்க முடியாது' என்பது பாதி உண்மைதான். ஆய்வகத்தில் ஊட்டம் ஊற்றிக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் வளராது. செடியின் சாற்றுக்குழாயிலும் பூச்சியின் உடம்பிலும் தாராளமாக வளரும். ஆகவே செடியையும் பூச்சியையுமே நாங்கள் தட்டாக வைத்துக்கொள்கிறோம். இந்தத் துறையில் உருப்படியாகத் தெரிந்தது எல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

முதலில் உங்கள் செடியைக் கொஞ்சம் பாருங்கள். இலை சிறுத்து, வெளிறி, தொட்டால் மெத்தென்று இருக்கும். இலைக்காம்பு குட்டையாகி, இலை தண்டோடு ஒட்டவைத்தது போலத் தெரியும். வழக்கமாகத் தூங்கிக் கிடக்கும் கணு மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்துக் கிளைவிடும். பூ அநேகமாக இருக்காது, இருந்தால் பச்சையாக இருக்கும். ஆனால் செடி சாகாது. பக்கத்துச் செடி காய்த்து ஓய்ந்த பிறகும் இது பச்சைப்பசேல் என்று நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

கோயம்புத்தூர் பக்கம் இந்தச் சிற்றிலை நோயைப் பற்றி 1939-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது என்று காட்டினார்கள். காரணம் வைரஸ் என்றுதான் அடுத்த முப்பது வருடமும் எல்லோரும் நம்பினார்கள். நம்பியதில் தப்பில்லை. ஒட்டுக்கட்டினால் பரவியது, பூச்சி பரப்பியது, எந்தத் தட்டிலும் எதுவும் வளரவில்லை. அந்தக் காலத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் வைரஸ் என்று எழுதிவிடுவார்கள்.

அது உடைந்தது 1967-இல், ஜப்பானில். அங்கே பட்டுப்புழு வளர்ப்புக்கு மல்பெரி முக்கியம். மல்பெரியில் ஒரு குட்டை நோய் வந்து இலை உற்பத்தியைக் கெடுத்துக்கொண்டிருந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஜி டோயும் உடன் வேலை செய்தவர்களும் நோய்பட்ட செடியின் ஃபுளோயத்தை, அதாவது இலையில் செய்த சர்க்கரையைக் கொண்டுபோகும் குழாயை, மெல்லிய சீவலாக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் தேடினார்கள். வைரஸ் கிடைக்கவில்லை. பதிலாக, உருண்டையாகவும் கோணல்மாணலாகவும் குட்டிப் பைகள் குழாய் முழுக்க நிறைந்திருந்தன. 80 முதல் 800 நானோமீட்டர் வரை பல அளவு. சவ்வு இருந்தது, செல் சுவர் இல்லை. விலங்குகளில் நோய் உண்டாக்கும் மைகோபிளாஸ்மா என்ற சுவரற்ற பாக்டீரியா அப்போதே தெரிந்ததுதான். அச்சு அசல் அதே ஜாடை. எனவே 'மைகோபிளாஸ்மா போன்ற உயிரி' என்றே பெயர் வைத்தார்கள். பைட்டோபிளாஸ்மா என்ற பெயர் 1990-களில்தான் வந்தது.

ஆனால் கூட இருந்தவன் எல்லாம் குற்றவாளி ஆகிவிட மாட்டான். நோய்பட்ட செடியில் இருக்கிறது என்பதால் நோய்க்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நீங்கள் கேட்பதும் அதைத்தான். ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் வகுத்த விதிப்படி கிருமியைப் பிரித்தெடுத்து, தனியாக வளர்த்து, ஆரோக்கியமான உயிரியில் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் 'தனியாக வளர்த்து' என்ற படியில் இங்கே வண்டி நின்றுவிடுகிறது.

ஜப்பானியர்கள் அதே வருடம் ஒரு மாற்று வழி கண்டார்கள். மருந்தைக் கொடுத்து ஆளை அடையாளம் காண்பது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. பெனிசிலின், பாக்டீரியா சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. சுவரே இல்லாதவனிடம் அதற்கு வேலை இல்லை. டெட்ராசைக்ளின் பாக்டீரியா புரதம் செய்வதைத் தடுக்கும். குட்டை நோய் வந்த மல்பெரிக்கு டெட்ராசைக்ளின் கொடுத்தபோது நோய்க்குறி குறைந்து புது இலை சரியாக வந்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பியது. இதே சோதனையைப் பல நாடுகளில், பல பயிர்களில் செய்து பார்த்தார்கள். நம் பக்கத்துச் சந்தன மரத்தில் வரும் கூர்நுனி நோயையும் அதுவரை வைரஸ் என்றுதான் சொல்லி வந்தார்கள். 1969-இல் அதிலும் இந்தச் சுவரற்ற உடல்களைப் பார்த்துவிட்டார்கள்.

சரி, பூச்சிக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, கிருமியை ஊசி முனையில் எச்சில் போல ஒட்டிக்கொண்டு போய் அடுத்த செடியில் தடவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அசுவினி பரப்பும் சில வைரஸ்கள் அப்படித்தான். ஒரு செடியில் சில நொடி, அடுத்த செடியில் சில நொடி, வேலை முடிந்தது. பைட்டோபிளாஸ்மா அப்படி இல்லை. பூச்சி நோய்ச்செடியில் உட்கார்ந்து ஃபுளோயத்தில் நெடுநேரம் குடிக்க வேண்டும். குடித்த உடனே நல்ல செடியில் விட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று வாரம் கழித்து விட்டால்தான் செடிக்கு நோய் வரும். அதன் பிறகு அந்தப் பூச்சி சாகும்வரை போகிற இடமெல்லாம் பரப்பும். அந்த இடைப்பட்ட வாரங்களில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் லூயிஸ் குங்கெல் 1926-இல் ஆஸ்டர் என்ற பூச்செடியின் மஞ்சள் நோயைத் தத்துப்பூச்சி பரப்புவதைக் காட்டினார். பிறகு நோய் பரப்பத் தயாராக இருந்த பூச்சிகளைக் கிட்டத்தட்ட 36 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் வைத்தால் பரப்பும் திறன் போய், சில நாளில் திரும்பி வந்தது. அதிக நாள் வைத்தால் ஒரேயடியாகப் போய்விட்டது. பூச்சிக்கு வேறு குறை எதுவும் இல்லை. யோசித்துப் பாருங்கள். பூச்சிக்குள் இருப்பது வெறும் அழுக்கு என்றால் குறைந்தது மறுபடி எப்படி வளரும்? உள்ளே ஏதோ உயிரோடு பெருகுகிறது, வெப்பம் அதில் பெரும்பகுதியைக் கொல்கிறது, மிச்சம் இருந்தால் மறுபடி பெருகுகிறது. பின்னர் 1952-இல் கார்ல் மராமொராஷ் இதைக் கையால் தொட்டுக் காட்டியது போலக் காட்டினார். நோய் தாங்கிய பூச்சியை அரைத்து, அந்தச் சாற்றை நல்ல பூச்சியின் வயிற்றில் மெல்லிய கண்ணாடி ஊசியால் செலுத்தி, சில வாரம் கழித்து அதை அரைத்து அடுத்ததற்கு, அதை அரைத்து அதற்கடுத்ததற்கு என்று தொடர்ந்தார். முதலில் இருந்தது இத்தனை சுற்றில் நீர்த்து இல்லாமலே போயிருக்க வேண்டும். கடைசிப் பூச்சியும் நோயைப் பரப்பியது. கிருமியைக் கண்ணால் பார்ப்பதற்கு 15 வருடம் முன்பே, அது பூச்சிக்குள் பெருகுகிறது என்பது தெரிந்துவிட்டது!

இப்போது பாதை தெளிவாகத் தெரியும். குடித்த சாற்றோடு குடலுக்குப் போகிறது, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலக்கிறது, அங்கே பெருகுகிறது, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைகிறது. உமிழ்நீருக்கு வந்தால்தான் அடுத்த செடிக்குப் போக முடியும். குடலைத் தாண்டத் தெரியாத கிருமிக்கு அந்தப் பூச்சி ஒரு சிறைதான். எந்தப் பூச்சி எந்தக் கிருமியைக் கடத்தும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு மதில்களில்தான் தீர்மானமாகிறது.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. கத்தரியின் சிற்றிலை நோயைக் கடத்துவது ஹிஷிமோனஸ் பைசிட்டிஸ் என்ற தத்துப்பூச்சி. சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும்; இறக்கையை மூடி உட்காரும்போது முதுகு நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, மறுமுனையால் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். நடுவில் வலைத்துணி கட்ட மறந்தால் பூச்சி நேரே வாய்க்குத்தான் வரும். வயலில் பிடித்த வேறொரு தத்துப்பூச்சி வகையை நான் பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை, செய்து பார்த்தேன். பைட்டோபிளாஸ்மா டி.என்.ஏ. பளிச்சென்று கோடு காட்டியது. புதிய கடத்தி கண்டுபிடித்துவிட்டேன் என்று படத்தை எடுத்துக்கொண்டு என் ஆய்வு வழிகாட்டியான மேடத்திடம் ஓடினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அதோட வயித்துல என்ன இருக்குன்னு காட்டிட்டப்பா. எச்சில்ல வருதான்னு காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார்.

நோய்ச்செடியில் குடித்த எந்தப் பூச்சியின் வயிற்றிலும் கிருமியின் டி.என்.ஏ. இருக்கத்தானே செய்யும்? அது கடத்தி என்பதற்கு அத்தாட்சி இல்லை. நல்ல செடியில் முட்டையிலிருந்து வளர்த்த, கிருமி இல்லாத பூச்சிகளை எடுத்து, நோய்ச்செடியில் சில நாள் மேயவிட்டு, வலைக்கூண்டில் காத்திருந்து, நல்ல நாற்றில் விட்டு, அந்த நாற்றுக்கு நோய் வருகிறதா என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே, நல்ல செடியில் மட்டும் மேய்ந்த பூச்சி விட்ட நாற்றுகளும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு நோய் வந்தாலும் மொத்தச் சோதனையும் குப்பைக்குப் போகும். நான் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய் வந்தபோது கிண்ணம் ஒன்று வற்றிக் கிடந்தது. கூண்டுக்குள் தத்துப்பூச்சிகளின் இறக்கைகள் மட்டும் மிச்சம். நான்கு மாத வேலையை எறும்பு ஒரே வாரத்தில் முடித்துவிட்டது.

இப்போது ஒரு குறுக்குவழி உண்டு. மெழுகுத்தாளை மெல்லியதாக இழுத்து, அடியில் சர்க்கரைக் கரைசல் வைத்து, அதன் வழியாகப் பூச்சியைக் குடிக்க விடுவார்கள். பிறகு அந்தக் கரைசலில் கிருமி டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் எச்சிலில் வருகிறது என்று பொருள். ஆனாலும் கடைசிச் சாட்சி செடிதான்.

கிருமியை ஆய்வகத்தில் உயிரோடு வைத்திருக்க நித்தியகல்யாணி பயன்படுகிறது. ஆமாம், வீட்டு வாசலில் இருக்கும் அதே செடிதான். உலகம் முழுக்கப் பல பைட்டோபிளாஸ்மா வகைகளை நித்தியகல்யாணியில்தான் ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டிப் பல வருடமாகக் காப்பாற்றி வருகிறார்கள். ஒட்டு சேராத வேறு இனச் செடியிலிருந்து மாற்ற அம்மையார் கூந்தல் என்ற மஞ்சள் ஒட்டுண்ணிக் கொடியைப் பாலமாகப் போடுவார்கள். ஒரு முனை நோய்ச்செடியில், மறுமுனை நித்தியகல்யாணியில். நோய் பிடித்ததும் ரோஜா நிற இதழ்கள் மெல்லப் பச்சையாகும். அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் முதல்முறை போனபோது, வரிசையாகப் பச்சைப் பூக்களைப் பார்த்ததில் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆனது.

ஏன் தட்டில் வளரவில்லை என்பதற்குப் பதில் 2004-இல் கிடைத்தது. வெங்காயத்தில் மஞ்சள் நோய் உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மாவின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் ஜப்பானியர்கள் படித்தார்கள். 8,60,000 டி.என்.ஏ. எழுத்துகள்தான். நம் குடலில் இருக்கும் ஈ. கோலைக்கு 46 லட்சம் எழுத்துகள். எது இல்லை என்பதுதான் இங்கே செய்தி. உயிரினங்களில் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைத் தயாரிக்கும் முக்கிய நொதிகூட இல்லை. சர்க்கரையும் அமினோ அமிலமும் நிறைந்த குழாயிலும், பூச்சியின் செல்லுக்குள்ளும் மாறி மாறி வாழ்பவனுக்கு, செய்துகொள்வதைவிட எடுத்துக்கொள்வது சுலபம். தேவையில்லாத மரபணு எல்லாம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. என்னென்ன கடன் வாங்குகிறான் என்ற முழுப் பட்டியல் தெரிந்தால்தான் தட்டில் அவனுக்குச் சமைத்துப் போட முடியும். 2012-இல் இத்தாலியின் பொலோன்யா ஆய்வாளர்கள் வளர்த்துவிட்டோம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால் அது மற்ற ஆய்வகங்களின் அன்றாட முறையாக மாறவில்லை.

இவனுடைய உறவுக்காரன் ஒருவனுக்கு வேறு கதை. எலுமிச்சை, ஆரஞ்சு வகையில் வரும் ஸ்பைரோபிளாஸ்மா சிட்ரி என்ற சுருள் வடிவச் சுவரற்ற பாக்டீரியாவை 1970-களின் தொடக்கத்திலேயே வளர்த்துவிட்டார்கள். வளர்த்ததைப் பூச்சிக்குள் செலுத்தி, பூச்சி வழியாகச் செடிக்கு நோய் வரவழைத்து, கோக் விதியை நிறைவேற்றிக் காட்டினார்கள். சுவரற்ற பாக்டீரியா செடியில் நோய் உண்டாக்கும் என்பதில் அதோடு சந்தேகம் தீர்ந்தது. பைட்டோபிளாஸ்மாவுக்கு அது நேரடி சாட்சி ஆகாது என்றாலும், வழக்கு பலமாகிவிட்டது.

வளர்க்க முடியாத கிருமிக்கு முறைப்படி பெயர் வைக்க முடியாது என்பது பாக்டீரியா பெயரிடும் விதி. அதனால் 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர். வேட்பாளர் என்று அர்த்தம். முப்பது வருடமாக வேட்பாளராகவே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்த வேட்பாளர்களில் மிகக் கெட்டவன் பைட்டோபிளாஸ்மா இல்லை, லிபெரிபேக்டர். ஆரஞ்சு மரத்தில் பச்சைக்காய் நோயைத் தருபவன். சில்லிட் என்ற குட்டிச் சாறுண்ணிப் பூச்சி கடத்துகிறது. இதுவும் தட்டில் வளராத ஜாதி. அமெரிக்காவின் புளோரிடாவில் 2005-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் 2003-04 பருவத்தில் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2024-25-இல் சுமார் 1.2 கோடிப் பெட்டி. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் முதுகெலும்பை ஒடித்தது இந்த நோய்தான். இதன் மரபணுத் தொகுப்பை 2009-இல் படித்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். செடியிலிருந்து எடுத்தால் செடியின் டி.என்.ஏ. கடலில் கிருமி கரைந்துவிடும். எனவே நோய் தாங்கிய ஒரே ஒரு சில்லிட் பூச்சியை எடுத்து, அதிலிருந்து முழுத் தொகுப்பையும் மீட்டார்கள். பூச்சிதான் தட்டு என்று நான் சொன்னதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கடைசியாக, செடி ஏன் அப்படி உருமாறுகிறது என்பது. இங்கிலாந்தின் நார்விச்சில் ஜான் இன்னெஸ் மையத்தில் சஸ்கியா ஹோகன்ஹவுட் குழு இதில் நிறையச் செய்திருக்கிறது. பைட்டோபிளாஸ்மா சில சிறு புரதங்களைச் செடியின் செல்லுக்குள் விடுகிறது. கிருமியை வளர்க்க முடியாவிட்டால் என்ன, அதன் மரபணுவை எடுத்து நல்ல செடிக்குள் வைத்துப் பார்க்கலாமே? அதைத்தான் செய்தார்கள். எஸ்.ஏ.பி.54 என்ற புரதத்துக்கான மரபணுவை மட்டும் வைத்ததும் பூ இலையாக மாறியது. எள்ளில் நம் விவசாயிகள் பார்க்கும் பூவிலை நோய் போலவே. பூவை உருவாக்கும் செடியின் புரதங்களை, செடியின் சொந்தக் குப்பை அரைக்கும் இயந்திரத்துக்கே இது இழுத்துப்போகிறது. எஸ்.ஏ.பி.11 செடியின் தற்காப்பு ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலத்தைக் குறைக்கிறது. அந்தச் செடியில் தத்துப்பூச்சி அதிகக் குஞ்சுகளை ஈன்றது. 2021-இல் வந்த எஸ்.ஏ.பி.05 ஆய்வு இன்னும் அழகு. கிளைகளைப் புதராக்கும் இந்தப் புரதம் பிடித்துத் தொங்கும் செடிப் புரதம் ஒன்று பூச்சியிலும் உண்டு, ஆனால் பூச்சியுடையதை இது தொடுவதில்லை. பூச்சியில் இருப்பது போல இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் செடியில் மாற்றியபோது, செடி இந்தப் புரதத்துக்கு மசியவில்லை.

இதெல்லாம் பூச்சியை வரவழைக்கத்தான் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கொஞ்சம் நிதானம் வேண்டும். பூ இலையாவதால்தான் பூச்சி வருகிறதா என்று அதே குழு பிறகு சோதித்தபோது, பூ மாறாத நிலையிலும் பூச்சி அந்தச் செடியையே விரும்பியது. இரண்டும் ஒரே புரதத்தின் வேலை. ஒன்று மற்றொன்றின் காரணம் அல்ல. ஒரு சின்னத் தகவலும்: கிறிஸ்துமஸ் சமயம் நர்சரிகளில் சிவப்பு இலையோடு விற்கும் பாயின்செட்டியா தொட்டிச் செடி அடர்த்தியாகக் கிளைப்பதே ஒரு பைட்டோபிளாஸ்மாவால்தான் என்று 1997-இல் காட்டினார்கள். அதைக் குணப்படுத்தினால் யாரும் வாங்க மாட்டார்கள்.

மரப் பயிர்களில் இதே வேலை பல மடங்கு கஷ்டம். தென்னை வேர் வாடல் 1882-இல் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் தொடங்கியது என்பார்கள். பைட்டோபிளாஸ்மாவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க நூறு வருடம் ஆனது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒரு தத்துப்பூச்சியும் கடத்துகின்றன என்று காட்ட, தென்னங்கன்றுகளை வலைக்கூண்டுக்குள் வைத்து வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று பொள்ளாச்சி, ஆனைமலையிலும் அது இருக்கிறது. இலங்கையில் வெலிகம வாடல் என்று 2006-இலிருந்து இதன் ஜாடையில் ஒரு நோய்.

உங்கள் கத்தரிக்கு வருகிறேன். டெட்ராசைக்ளின் கொடுத்தால் நோய் அடங்கும், போகாது. காய்கறிப் பயிருக்கு அதைக் கொடுக்கவும் கூடாது. நோய்ச்செடி சாகாமல் பச்சையாக நிற்கும் என்றேனே, அதுதான் ஆபத்து. எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாளும் புதிய பூச்சிகளுக்கு அது பந்தி. எனவே பிடுங்கிவிடுங்கள். ஆனால் பிடுங்கும்போது அதில் இருக்கும் பூச்சி பக்கத்துச் செடிக்குத் தாவும். முதலில் பூச்சியைக் கட்டுப்படுத்திவிட்டு, ஓரிரு நாளில் வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். மறுதாம்பு விட வேண்டாம். வரப்பில் ஊமத்தை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இன்று பூச்சி குடித்துப்போனதன் விளைவு தெரிய ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம்; பிடுங்கிய பிறகும் புதிதாக ஓரிரு செடி தென்பட்டால் பதற வேண்டாம்.

வீட்டுப் பக்கம் நித்தியகல்யாணி இருந்தால் அதன் பூவையும் ஒரு பார்வை பாருங்கள். இதழ் பச்சையாக இருந்தால் அங்கேயும் ஒரு பைட்டோபிளாஸ்மா இருக்க வாய்ப்புண்டு. கத்தரியில் இருப்பவனும் அவனும் ஒன்றுதானா என்பதை மட்டும் பி.சி.ஆர். செய்து, டி.என்.ஏ.வைப் படித்துத்தான் சொல்ல முடியும்.